பழைய பைதானை எப்போது கைவிடுவது?

கோத்தகிரிப் பக்கம் பசுந்தேயிலை எடை போடும் கணினியில் விண்டோஸ் 7 இருந்தால், அதில் ஏறக்கூடிய பைதான் நிரல்மொழியின் கடைசிப் பதிப்பு 3.8. அடுத்த 3.9-க்கு விண்டோஸ் 8.1 ஆவது வேண்டும். "3.8-ஐக் கைவிடுகிறோம்" என்று நிரல் எழுதுபவர் ஒரு வரியை மாற்றினால் போதும், தொழிற்சாலைக்காரர் கணினியையே மாற்ற வேண்டிவரும். முதலில் கேட்க வேண்டியது, எந்தெந்த இயந்திரத்தில் எது ஓடுகிறது என்பதை.

பைதான் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சுமார் 5 ஆண்டு. 3.8 முடிந்தது 2024 அக்டோபரில், 3.9 முடிந்தது 2025 அக்டோபரில். அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தமும் வராது. ஆனால் லைப்ரரிகள், அதாவது பிறர் எழுதி நம் நிரல் பயன்படுத்தும் தொகுப்புகள், அதுவரை காத்திருப்பதில்லை. எண் கணக்குக்கான நம்பை 1.25, தரவு அட்டவணைக்கான பாண்டாஸ் 2.1 இரண்டும் 2023-லேயே 3.8-ஐ விட்டுவிட்டன. நாம் நம்பியிருக்கும் லைப்ரரிகள் இப்படி விலகத் தொடங்கினால், நாமும் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. 3.10-ல் வந்த 'மேட்ச்' கட்டளை அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பழையதைத் தூக்கியெறிவது வீண் பகட்டு.

பலர் சறுக்குவது அறிவிப்பு வரியில். நிரலின் விவரங்களைச் சொல்லும் பைப்ராஜெக்ட் கோப்பில், எந்தப் பைதான் வேண்டும் என்று குறிக்கும் 'ரிக்வயர்ஸ்-பைதான்' என்ற வரியை உயர்த்தினால், 3.8 வைத்திருப்பவருக்கு நிறுவும் கருவியான பிப் தானாகவே நம் பழைய வெளியீட்டைக் கொடுக்கும். யாருக்கும் எதுவும் உடையாது. அதை மறந்து நம் நிரலின் 5.0-ஐ வெளியிட்டு, புகார் வந்தபின் 5.1-ல் சேர்த்தால் தீராது. 3.8 கணினியில் பிப் 5.1-ஐ ஒதுக்கிவிட்டு, தடை எழுதப்படாத 5.0-ஐயே மறுபடி எடுக்கும். 5.0-ஐ 'யாங்க்' செய்தால்தான், அதாவது பிப் தானாக எடுக்காதபடி விலக்கிவைத்தால்தான் தீரும். மேல் வரம்பும் இதே வம்பு: "3.13-க்குக் கீழ்" என்று இன்று எழுதினால், 3.13 வைத்திருப்பவருக்கு வரம்பு எழுதாத ஏதோ பழைய வெளியீடு போய்ச் சேரும். கீழ் வரம்பு மட்டும் போதும்.

நிரலை எந்தெந்தப் பைதானில் ஓட்டிப் பார்க்கிறோம் என்ற சோதனைப் பட்டியலிலிருந்து 3.8-ஐ நீக்குவதும் 'ரிக்வயர்ஸ்-பைதான்' வரியை உயர்த்துவதும் ஒரே வெளியீட்டில் நடக்கட்டும். அதையும் சின்னத் திருத்த வெளியீடாகச் செய்யாதீர்கள். 3.8-க்கான பழைய கிளையில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் எவ்வளவு காலம் என்பதை மாதம் குறித்துச் சொல்லுங்கள்.

மலையில் நாள் பார்ப்பதும் முக்கியம். ஏப்ரல், மே சீசனில் ஊட்டி விடுதியின் பில் நிரலைத் தொடக்கூடாது. தேயிலைக்கு உறைபனி விழும் ஜனவரி தோது. கொழுந்து வரத்து அப்போது குறைவு. கூடலூர் மழையில் இணையத்தை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். பிப் டவுன்லோடில் பைதான் 3.8 என்றும், கணினி 32 பிட்டா 64 பிட்டா என்றும் குறிப்பிட்டு, முன்பே தொகுத்துவைத்த வீல் கோப்புகளை மட்டும் பென்டிரைவில் இறக்கிக்கொள்ளுங்கள். மூலக்குறியீடாக வந்தால் அங்கே தொகுக்க சி கம்பைலர் இருக்காது. மலையேறும் முன், இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு இணையத்தில் தேடாதே என்னும் 'நோ-இண்டெக்ஸ்' போட்டு, பென்டிரைவிலிருந்து ஒருமுறை நிறுவிப் பாருங்கள். விடுபட்ட வீல் எது என்று அப்போதே தெரிந்துவிடும்.