ஹேமர் கேண்டில்: சரிவு நின்றுவிட்டதா?

பல நாளாக இறங்கிவரும் ஒரு பங்கு இன்று 412 ரூபாயில் தொடங்குகிறது. நடுவில் 398 வரை விழுகிறது. உச்சம் 416, முடிவு 415. விலை சார்ட்டில் இந்த நான்கு எண்கள்தான் அந்த நாளின் கேண்டில். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட 3 ரூபாய் அதன் உடல். ஏறி முடிந்ததால் பச்சை. உடலுக்கு வெளியே நீளும் கோடுதான் திரி: கீழே 14 ரூபாய்க்கு நீண்ட திரி, மேலே 1 ரூபாய்க்குக் குட்டித் திரி. கீழ்த்திரி உடலைப்போல் இரண்டு மடங்காவது இருந்து, மேல்திரி இல்லாத அளவுக்குச் சிறுத்திருந்தால் அது ஹேமர்; சரிவு நிற்கலாம் என்பதற்கான அறிகுறி. ஜப்பானியர் இதை 'டகுரி' என்பார்கள். தண்ணீரில் ஆழம் பார்ப்பது என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. பொருத்தமான பெயர்தான்.

ஆனால் உச்சமும் தாழ்வும் எந்த நேரத்தில் வந்தன என்பது கேண்டிலில் பதிவாகாது. காலை 10 மணிக்கே 398-ஐத் தொட்டு, பிறகு நாள் முழுக்கப் படிப்படியாக ஏறினாலும் இதே வடிவம்தான். மூன்று மணி வரை 400-லேயே கிடந்து கடைசி அரைமணியில் துள்ளினாலும் இதேதான். முதல் வகையில் வாங்குவோர் நாள் முழுக்க நின்றிருக்கிறார்கள். இரண்டாவதில், ஷார்ட் போனவர்கள், அதாவது விலை இறங்கும் என்று முதலிலேயே விற்றவர்கள், பொசிஷனை முடிக்க வாங்கியதே ஏற்றமாகத் தெரியலாம். அதே நாளின் 15 நிமிட சார்ட்டைத் திறந்தால், 9.15 முதல் 3.30 வரை 25 கேண்டில்களில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

புல்லிஷ் எங்கல்ஃபிங் என்ற இரண்டு நாள் வடிவமும் வேறு ஜாதியல்ல. முதல் நாள் 412-ல் தொடங்கி 404-ல் முடிந்த சிவப்பு. மறுநாள் 402-ல் தொடங்கி, 398 போய், 416 தொட்டு, 415-ல் முடிந்து முந்தைய உடலை விழுங்கும் பச்சை. இரண்டையும் ஒரே கேண்டிலாகச் சேர்த்துப் பாருங்கள்: தொடக்கம் 412, தாழ்வு 398, முடிவு 415. முதல் நாள் உச்சமும் 416-ஐத் தாண்டாவிட்டால் அதே ஹேமர். பேட்டர்ன் பெயர்களை டஜன் கணக்கில் மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கூட்டல் உதவும்.

வடிவத்தைவிட இடம் முக்கியம். இதே கேண்டில் நீண்ட ஏற்றத்தின் உச்சியில் வந்தால் அதற்குப் பெயர் ஹேங்கிங் மேன்; எச்சரிக்கை. பக்கவாட்டில் ஊசலாடும் சந்தையில் வந்தால் எதுவுமில்லை, ஏனென்றால் திரும்புவதற்கு அங்கே ட்ரெண்டே கிடையாது. முன்பு விலையைத் தாங்கிப் பிடித்த பழைய சப்போர்ட்டில், வழக்கத்தைவிடக் கூடுதல் வால்யூமோடு, அதாவது கூடுதல் பங்குகள் கைமாறி, வந்தால்தான் மதிக்கலாம்.

அப்போதும் அன்றே பாயக் கூடாது. மறுநாள் விலை 416-க்கு மேல் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 418-ல் வாங்கி, 397-க்கு இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப் லாஸ் வைத்தால் பங்குக்கு 21 ரூபாய் ரிஸ்க். ஒரு லட்சம் ரூபாய் முதலீட்டில் ஒரு சதவீதம், அதாவது 1,000 ரூபாய்தான் இழக்கலாம் என்றால் 47 பங்குகள். அதற்கு மேல் வேண்டாம். இரவில் கெட்ட செய்தி வந்து காலை 390-ல் திறந்தால், 397-ல் வைத்த ஸ்டாப் லாஸ் ஏறக்குறைய 390-ல்தான் விற்கும். கணக்கில் 987 ஆக இருந்த நஷ்டம் 1,316 ஆகிவிடும்.

ஏமாற்றும் கேண்டில்களும் உண்டு. அன்றைய விலை உச்சவரம்பான அப்பர் சர்க்யூட்டில் தொடக்கத்திலேயே பூட்டிய பங்கு வெறும் கோடாகத் தெரியும். அதைத் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்கும் டோஜி, அதாவது குழப்பம் என்று படித்தால் தப்பு. அங்கே விற்க ஆளே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது ட்ரேடு மட்டுமே நடக்கும் பங்கில், யாரோ அவசரத்தில் விலை குறிப்பிடாமல் போட்ட ஒரே மார்க்கெட் ஆர்டர்கூட அழகான திரியை வரைந்துவிடும்.