பதறாத மனுசனுக்கு நெஞ்சுக்குள்ள என்ன நடக்குது?

தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்துல அலை எழும்பி நிக்கும்போ வள்ளத்துல இருக்க எல்லாருக்கும் நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஆனா பின்னால எஞ்சினப் புடிச்சிட்டு இருக்கவரு மட்டும் அலையப் பாத்துட்டே இருப்பாரு, கொரலு கூட ஏறாது, "பைய மக்கா, இது போட்டும்"னு சொல்லி அடுத்த எடவெளியில வள்ளத்த உள்ள விட்டுருவாரு. அந்த ஆளுக்கு பயமே கெடையாதுன்னு கரையில பேசுவாங்க. அது சரியில்ல. அங்க பல வள்ளம் கவுந்திருக்கு, உயிர் போயிருக்கு, பயம் அவருக்கும் வரத்தான் செய்யும். அது வந்த பொறவு ஒடம்பு அத எப்படி கையாளுதுங்கதுலதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

நம்ம இதயத்துல துடிப்ப உண்டாக்குற ஒரு சின்ன இடம் இருக்கு. நரம்பு ஒண்ணும் தொடாம அத அதுபாட்டுக்கு விட்டா நிமிசத்துக்கு 100 தடவ கிட்ட துடிக்கும். ஆனா சும்மா இருக்கும்போ நமக்கு 70, 75தான் இருக்கு, ஏன்னா மூளையில இருந்து எறங்கி வர்ற வேகஸ் நரம்பு எப்பவும் பிரேக்க அழுத்திட்டே இருக்கு. ஆபத்து வந்தா ஒடம்பு மொதல்ல இந்த பிரேக்கத்தான் லேசா விடும், ஒரு செகண்டுக்குள்ள துடிப்பு ஏறிரும். அதுவும் போதாதுன்னாதான் ஒடம்ப முடுக்குற அட்ரினலின்ங்கிற ஹார்மோன் பெரிய அளவுல வரும், அது வந்துட்டா அடங்க நேரம் எடுக்கும், பின்னாலயே வர்ற கார்டிசால்ங்கிற இன்னொரு ஹார்மோன் உச்சத்துக்குப் போக இருவது முப்பது நிமிசம் ஆவும். சண்ட முடிஞ்சு வீட்டுக்கு வந்த பொறவும் கை நடுங்குறது இதனாலதான்.

வேகஸ் பிரேக் நல்லா வேல செய்யிற ஆளுக்கு வேணும்போ விட்டு, வேண்டாம்போ டக்குன்னு புடிக்க முடியும். அமைதியான ஆளுங்கள்ல நான் ரொம்ப மதிக்கிறது இந்த திரும்பி வர்ற வேகத்தத்தான்.

இந்த நரம்பு எப்படி பேசுதுன்னு 1921ல ஆஸ்திரியாவுல ஆட்டோ லோவின்னு ஒருத்தர் கண்டுபிடிச்சாரு, எனக்கு ரொம்ப புடிச்ச பரிசோதன இது. ரெண்டு தவள இதயத்த எடுத்து, ஒண்ணோட வேகஸ் நரம்பத் தூண்டுனாரு, துடிப்பு கொறஞ்சுது, அந்த இதயம் கெடந்த திரவத்த எடுத்து ரெண்டாவது இதயத்துக்கு விட்டாரு, நரம்பத் தொடாமலே அதுவும் மெதுவாச்சு. அப்போ நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்த விடுதுன்னு தெரிஞ்சுது. அசிட்டைல்கோலின்தான் அது, 1936ல அவருக்கு நோபல் பரிசும் கெடச்சுது.

மூச்சு உள்ள இழுக்கும்போ இந்த பிரேக் கொஞ்சம் தளரும், வெளிய விடும்போ இறுகும். நாடியில வெரல வச்சு நீங்களே பாக்கலாம். அதனாலதான் நிமிசத்துக்கு ஆறு மூச்சுன்னு நீளமா விட்டா படபடப்பு எறங்குது.

பொறவிக் கொணம்னும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவுல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல ஜெரோம் கேகன்ங்கிற மனவியல்காரர் நாலு மாசக் கொழந்தைகளுக்கு புது பொம்ம, புது மணம், புது கொரலுன்னு காட்டிப் பாத்தாரு, அஞ்சுல ஒண்ணு கை கால ஒதறி அழுதுச்சு, அஞ்சுல ரெண்டு பேசாம பாத்துட்டு இருந்துச்சு. பழைய கிரேக்க வைத்தியம் இத சளியோட கணக்குல எழுதிச்சு, ஒடம்புல சளி கூடுனவன் நிதானக்காரன்னு, இங்கிலீஷ்ல பதறாத ஆள இன்னைக்கும் ஃபிளெக்மாட்டிக்னு சொல்றது அதுல இருந்து வந்ததுதான். ஆனா கேகன் அந்தப் பிள்ளைகள வருசக்கணக்கா பின்தொடந்து பாத்ததுல, அழுத பிள்ளைங்க எல்லாமே பயந்தாங்கொள்ளியா வளரல.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லணும், மொகத்துல அமைதி இருந்தா உள்ளயும் அமைதின்னு அர்த்தம் கெடையாது. 1993ல ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவென்சன்னு ரெண்டு மனவியல்காரங்க கொடூரமான ஆபரேஷன் படத்தப் போட்டு, சில பேருகிட்ட மொகத்துல ஒண்ணும் காட்டாதீங்கன்னு சொன்னாங்க. மொகம் அடங்கிச்சு, ஆனா வேர்வையும் ரத்தக்குழாய் சுருங்குறதும் மத்தவங்கள விட கூடிச்சு. அதே விஷயத்த வேற விதமா நெனச்சுப் பாக்குறவங்களுக்கு இந்தச் சுமை வரலன்னு கிராஸ் பொறவு காட்டுனாரு. நம்ம வீடுகள்ல எதுக்குமே வாய் தொறக்காத அம்மாமாரையும் அண்ணம்மாரையும் "அவிய ரொம்ப பொறுமசாலி"ன்னு சொல்லி விட்டுருறோம், அவிய ராத்திரி ஒறங்குறாவளா, பிரஷர் எவ்வளவு இருக்குன்னு யாரும் கேக்குறதில்ல, கேட்டே ஆவணும்.