அரச மரத்தைச் சுற்றுபவர்கள் அடிமரத்தையும் கொஞ்சம் பாருங்கள்

அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் என்று பெங்களூரில் தமிழர்கள் நெருங்கி வாழும் எந்தப் பகுதிக்குப் போனாலும் ஓர் அரச மரம் கண்ணில் படும். ஒட்டினாற்போல் ஒரு வேம்பு, அடியில் பிள்ளையார், வரிசையாக நாகர் கற்கள், சுற்றிலும் ஒரு மேடை. இங்கே அதற்குப் பெயர் அஸ்வத்த கட்டே. சாலையை அகலப்படுத்த வருகிறவர்கள் தூங்குமூஞ்சி மரத்தையும் குல்மோஹரையும் வெட்டித் தள்ளிவிட்டு, மஞ்சள் குங்குமம் வைத்த அரச மரத்தின் முன்னால் மட்டும் தயங்கி நிற்பார்கள். இந்த நகரத்தில் இவ்வளவு பெரிய அரச மரங்கள் மிஞ்சியிருக்கின்றன என்றால் பெரும்பாலும் பக்திதான் காரணம்.

அந்த மரங்களில் பல இப்போது நலிந்துகொண்டிருப்பதற்கும் அதே பக்திதான் காரணம். பக்தியில் குறையில்லை; அது கையிலெடுத்துக்கொண்ட பொருள்களில்தான் குறை. சிமென்ட், டைல்ஸ், நைலான் கயிறு, ஆயில் பெயின்ட், மரத்தோடு ஒட்டி வைக்கிற விளக்கு. இவற்றை மாற்றினால் போதும், வழிபாட்டில் ஒன்றையும் விட வேண்டியதில்லை. இயற்கையோடு ஆன்மிகத் தொடர்பு வேண்டுமென்று பணம் கட்டி வார இறுதி முகாம்களுக்குப் போகிறவர்கள் பெருகிவிட்ட ஊர் இது. தெருமுனை மரத்துக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது அதைவிடச் சுலபம், செலவும் இல்லை.

முதலில் சிமென்ட். பழைய கட்டேக்களில் கருங்கல் பலகைகளைச் சாந்து பூசாமல் அடுக்கி, நடுவில் மண்ணை அப்படியே விட்டிருப்பார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும். மழைத்தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கும், வேர் பெருத்தால் கல் கொஞ்சம் நகர்ந்துகொடுக்கும். புதுப்பித்த கட்டேயில் இது எதுவும் கிடையாது. யாரோ ஒருவர் உபயமாக டைல்ஸ் போட்டுத் தருகிறார், இன்னொருவர் ஸ்டீல் கம்பி, மூன்றாமவர் கான்கிரீட் தளம். உபயமென்றால் நின்று நிலைக்க வேண்டும், பெயர் பொறிக்க ஓர் இடமும் வேண்டும். மண்ணுக்கும் எருவுக்கும் யார் பெயர் பொறிப்பது? இப்படித்தான் அடிமரத்தின் பட்டையைத் தொடும்வரை சிமென்ட் வந்துசேர்கிறது.

மரத்துக்கு ஆணிவேர் பாதாளம்வரை போகிறது, அங்கிருந்து தண்ணீரை எடுத்துக்கொள்ளும் என்றொரு நினைப்பு பரவலாக இருக்கிறது. உண்மையில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய 30 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான் கிடக்கிறது. அந்த வேர்கள் மூச்சுவிட மண்ணுக்குள் காற்று போய்வர வேண்டும். மேலே கான்கிரீட் மூடியதும் காற்றும் நின்றுபோகிறது, மழையும் சாக்கடைக்கு ஓடிவிடுகிறது. அரச மரம் முரட்டு மரம் என்பதால் உடனே காட்டிக்கொள்ளாது. சில வருடம் கழித்து உச்சிக்கிளைகள் இலையில்லாமல் குச்சியாக நிற்கும்போதுதான் தெரியும். அதற்குள் டைல்ஸ் போட்ட விஷயமே எல்லோருக்கும் மறந்திருக்கும். கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டுவார்கள்.

இன்னொரு கோளாறு மேடையை உயர்த்தி உள்ளே இரண்டடி மண் நிரப்புவது. ஆரோக்கியமான மரம் தரையைத் தொடுகிற இடத்தில் அகன்று விரிந்திருக்கும். உங்கள் தெரு மரம் மின்கம்பம் நட்டதுபோல நேராகத் தரைக்குள் இறங்கினால் அதன் அடிக்கழுத்து புதைந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்துப் பட்டை எப்போதும் ஈரத்தில் கிடந்து அழுகும், பூஞ்சை உள்ளே நுழையும்.

சிமென்டை எடுத்துவிடுவது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. டெல்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. அந்த 1 மீட்டரைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அடிமரம் 1 மீட்டர் விட்டமுள்ளது என்றால், சுற்றிலும் 1 மீட்டர் வளையம் ஆறு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். கான்கிரீட் 10 சென்டிமீட்டர் கனம் இருந்தால் பெயர்த்த கழிவு ஏறத்தாழ ஒன்றரை டன். டாடா ஏஸ் வண்டிக்கு இரண்டு நடை. வண்டியைப் பேசி வைக்காமல் வேலையைத் தொடங்கினால் கழிவு மரத்தடியிலேயே குவிந்து கிடக்கும். இப்படி முடிந்த நல்ல முயற்சிகள் நிறைய.

உடைப்பதை வெளி ஓரத்திலிருந்து தொடங்கி மரத்தை நோக்கி வர வேண்டும். சுத்தியலும் உளியும் போதும். பிரேக்கர் மெஷினை வேருக்குப் பக்கத்தில் விடாதீர்கள். கான்கிரீட்டுக்குக் கீழே எங்கே வேர் ஓடுகிறதென்று மெஷின் ஓட்டுபவருக்குத் தெரியாது. பட்டையோடு ஒட்டிப்போன சிமென்டைப் பிடித்து இழுத்தால் பட்டையும் சேர்ந்து உரியும், அதைச் சிறுசிறு துண்டாகத் தட்டி எடுக்க வேண்டும், வராத துண்டை விட்டுவிடலாம். 5 சென்டிமீட்டருக்கு மேல் தடிமனான வேர் எதையும் வெட்டக் கூடாது. புதைந்த கழுத்தைக் கையாலும் சின்னக் கொத்தாலும் தோண்டி, விரியும் இடம் தெரியும்வரை மண்ணை எடுங்கள். பிறகு இறுகிய மேல்மண்ணை லேசாகக் கிளறி, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து பள்ளமான இடத்தை மட்டும் நிரப்புங்கள். மேலே 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காய்ந்த இலை. அந்த இலைப்போர்வை அடிமரத்தை முட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

இதற்கு ஏற்ற காலம் மே மாதக் கடைசி. கோடை மழை மண்ணை இளக்கியிருக்கும், பின்னாலேயே தென்மேற்குப் பருவமழை வரும். ஜனவரியில் உடைத்துவிட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் வேரைத் திறந்து போடுவது நல்லதில்லை. அப்படி ஆகிவிட்டால் 200 லிட்டர் டிரம்மின் அடியில் சின்னத் துளை போட்டு, அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, பத்து நாளுக்கு ஒருமுறை சொட்டவிடுங்கள். குடத்துத் தண்ணீரை அடிமரத்தின் மேல் ஊற்றுவது பூஜைக்குச் சரி. உறிஞ்சும் வேர் அங்கே இல்லை.

பிரதட்சணம் வருகிறவர்கள் சேற்றில் நடப்பார்களா என்று கமிட்டியில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த 1 மீட்டருக்கு வெளியே கருங்கல் பலகைகளை மணல்மேல் பரப்பி, நடுவில் ஒரு அங்குல இடைவெளி விட்டால் நடைபாதை ஆயிற்று. உபயதாரர் பெயரை மேடையின் வெளிச்சுவரில் பொறிக்கலாம்.

அடுத்தது விளக்கு. பட்டைக்குக் கீழே மெல்லிய படலமாக உயிருள்ள திசு இருக்கிறது. மரம் பருப்பதே அதனால்தான். அது சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செத்துப்போகும். அடிமரத்தோடு ஒட்டி ஏற்றுகிற அகல்விளக்கு நாள்தோறும் அதே இடத்தைச் சுட்டால், கரிக்குப் பின்னால் அந்தப் பகுதி இறந்துதான் கிடக்கும். பொந்துக்குள் கற்பூரம் வைப்பது இன்னும் மோசம். பொந்தின் உட்பக்கம் காய்ந்த கட்டை, எண்ணெய் ஊறியிருந்தால் உள்ளுக்குள்ளேயே கனன்று எரியும். விளக்கு மாடத்தை மரத்திலிருந்து ஒரு மீட்டருக்காவது தள்ளி வையுங்கள். பொந்தைச் சிமென்ட் வைத்து அடைப்பதும் வேண்டாம். காற்றில் மரம் அசையும், சிமென்ட் அசையாது. நடுவில் விழும் விரிசலில் தண்ணீர் தங்கி அழுகல் கூடும். பொந்து அப்படியே திறந்திருக்கட்டும்.

கயிறு, தொட்டில், தாலி கட்டுகிறவர்கள் பருத்தி நூலையே பயன்படுத்துங்கள். மழையில் நைந்து அதுவே அறுந்துவிடும். நைலான் கயிறு அறுவதில்லை. இளமரம் பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் புதைந்து, இலையிலிருந்து வேருக்கு இறங்குகிற உணவை மறித்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை, சிவராத்திரிக்கு முந்தின வாரம் என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு பழைய கயிறுகளைக் கத்தரித்து எடுக்கலாம். ஆணி அடிப்பதும், டியூப் லைட் கம்பியை இறுக்கிச் சுற்றுவதும் அதே ரகம். காவியும் சுண்ணாம்பும் பூசுவது மரத்தை ஒன்றும் செய்யாது. ஆயில் பெயின்ட் அடித்தால் பட்டையில் காற்று போகும் நுண்துளைகள் அடைபடும்.

நாகர் கல்லுக்கு ஊற்றுகிற பாலைப் பற்றிச் சொல்வது கொஞ்சம் சங்கடமானது, ஆனாலும் சொல்ல வேண்டும். நாக பஞ்சமி அன்று ஒரே இடத்தில் பல லிட்டர் பால் இறங்கினால், கொழுப்பு மண் துளைகளை அடைக்கிறது, பால் புளித்து மண்ணில் காற்றே இல்லாமல் போகிறது, பின்னாலேயே எறும்பும் எலியும் வருகின்றன. ஒரு கரண்டி பாலால் அபிஷேகம் செய்து, வழிவதைத் தட்டில் பிடித்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து பரவலாக ஊற்றினால் மண் தாங்கிக்கொள்ளும். எண்ணெய்க்கு அந்த வழியும் இல்லை. எண்ணெய் ஊறிய மண்ணில் தண்ணீர் இறங்காது. அந்த மண்ணை வழித்தெடுத்துப் புது மண் போட வேண்டியதுதான். கண்ணாடி உடைந்த சாமி படங்களை மரத்தடியில் கொண்டுவந்து சாய்த்து வைப்பது எதற்கென்று உண்மையிலேயே புரியவில்லை. வீட்டில் வைக்கக் கூடாதது மரத்தடியில் மட்டும் எப்படி ஆகும்?

நிர்மால்யப் பூவை மக்கவைத்தால் மரத்துக்கே எருவாகும். நாரையும் பிளாஸ்டிக் கவரையும் நீக்கி, ஒரு பங்கு பூவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை சேர்த்துக் கம்பிவலைக் கூண்டில் போட்டு, வாரம் ஒருமுறை கிளறி, கையில் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம் வைத்தால் மூன்று மாதத்தில் எரு. அரச இலை தடித்தது, நொறுக்கிப் போட வேண்டும். நாற்றம் வந்தால் பூ அதிகம், இலை குறைவு என்று பொருள்.

வேம்பின் கதை வேறு. அரச மரம் பொறுத்துக்கொள்வதை வேம்பு பொறுத்துக்கொள்ளாது. பல கட்டேக்களில் முதலில் போவது வேம்புதான். அதோடு கர்நாடகத்தில் வேம்புக்கு நுனிக்கருகல் நோய் பரவலாக இருக்கிறது. போமாப்சிஸ் என்ற பூஞ்சையால் வருவது. மழைக்காலம் தொடங்கி வருடக் கடைசிவரை நுனிக்கிளைகள் பழுப்பேறித் தீய்ந்ததுபோல் தொங்கும். தேயிலைக் கொசு என்கிற பூச்சி சாறு உறிஞ்சினாலும் கிட்டத்தட்ட இதே தோற்றம்தான். அம்மனுக்குக் கோபம் என்று பயந்து மரத்தை வெட்டச் சொல்கிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம், பெரிய மரங்கள் பல வெயில் ஏறியதும் மறுபடி துளிர்த்துவிடும். சிக்கல் என்னவென்றால், கூழ் ஊற்றும் ஆடி மாதம் பூஞ்சை பரவுகிற ஈரமான காலத்திலேயே வருகிறது. தோரணத்துக்காகப் பெருங்கிளைகளை ஒடித்து இழுக்கும்போது பட்டை நீளமாகக் கிழிகிறது, புண்ணில் மழை இறங்குகிறது. விரல் தடிமனுக்கு உட்பட்ட கொத்துகளை மட்டும் கத்தரியால் வெட்டுங்கள், ஒரே மரத்தை மொட்டையடிக்காமல் நாலைந்து மரத்திலிருந்து எடுங்கள், கருகிய மரத்தை வெட்டிய கத்தரியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

அரச மரம் இரவிலும் ஆக்சிஜன் தருகிறது என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மையில்லை. வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் ஆக்சிஜனை வெளியிடாது. பொய்யான பெருமை எதற்கு? உண்மையே போதுமான அளவு இருக்கிறது. பெங்களூரின் தெருமரங்களைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், நிழலில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரிவரை, தார்ச்சாலையின் வெப்பம் 27.5 டிகிரிவரை குறைந்திருந்தது. அரசம்பழம் என்று நாம் சொல்வது பூக்களை உள்ளே மூடி வைத்த ஒரு பை. அதற்கென்றே இருக்கிற ஒரு குளவி, எறும்பைவிடச் சிறியது, உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்த்தால்தான் விதை பிடிக்கும். பழம் பழுத்தால் குக்குறுவானும் குயிலும் மைனாவும் பகலில் வரும், பழந்தின்னி வௌவால் இரவில் வரும். அமாவாசையும் திங்களும் சேர்ந்துவரும் அமாசோமவாரத்தில் 108 சுற்று வருகிறவர்களுக்கு இதையெல்லாம் பார்க்கக் கிடைக்கிற நேரம் வேறு யாருக்கும் கிடைக்காது. இலை உதிர்ந்தது எந்த வாரம், செம்புநிறத் தளிர் வந்தது எந்த வாரம், எந்தப் பக்கத்துக் கிளை தாமதித்தது என்று நாலு வருடம் குறித்து வைத்தாலே மரத்தின் உடல்நிலை பிடிபடும். ஒரே பக்கம் வருடாவருடம் தாமதமானால் அந்தப் பக்கத்து வேரைப் பாருங்கள்; கேபிளுக்கோ வடிகாலுக்கோ தோண்டியிருப்பார்கள்.

அடிமரத்தில் பலகைபோல் கெட்டியான காளான் முளைத்தாலும், மேடையின் ஒருபக்கம் மண் புதிதாக மேலெழும்பினாலும், மரம் முன்பில்லாத சாய்வு காட்டினாலும் தாமதிக்காமல் மாநகராட்சி வனப்பிரிவில் மர அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். காளானைச் சீவி எறிவதால் பயனில்லை, அழுகல் உள்ளே இருக்கிறது. கிளை வெட்டுவதானாலும் அவருடைய அனுமதி வாங்குங்கள். 1976ஆம் வருடத்துக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் கோயில் மரத்துக்கும் பொருந்தும். கிளை வெட்டும் வேலையை ஏப்ரல், மே மாதக் காற்றுமழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

காப்பாற்ற முடியாத மரமும் உண்டு. புத்தகயாவின் போதி மரமே 1876இல் புயலில் சாய்ந்தது. அதன் வழிக் கன்றை 1881இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் நட்டார். நம் தெருவுக்கும் அதுவே வழி. பறவை எச்சத்தில் விழுந்து காம்பவுண்டு சுவரில் முளைத்த கன்றுகள் அக்கம்பக்கத்தில் இருக்கும். பென்சில் தடிமனுக்குள் இருக்கும்போதே ஜூன், ஜூலை மழையில் வேரோடு பெயர்த்து, இலைகளில் முக்கால்வாசியைக் கிள்ளிவிட்டு, பையில் வைத்து ஒரு மாதம் பாதி நிழலில் வளர்க்க வேண்டும். அப்பார்ட்மென்ட் வாசலில் நடாதீர்கள். கட்டடத்திலிருந்தும் சாக்கடைக் குழாயிலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி, பூங்காவிலோ ஏரிக்கரையிலோ உரியவர்களின் அனுமதியோடு நடலாம். கூடவே வேம்பையும் வைத்துக் கல்யாணம் செய்வதாக இருந்தால் ஒரே குழியில் வைக்காமல் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி கொடுங்கள். இல்லாவிட்டால் அரச மரம் வளர்கிற வேகத்தில் வேம்பு நிழலிலேயே நின்றுபோகும்.