அப்பா புழலில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய்: எந்தக் கதவைத் தட்டுவது?

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் ஒரு வீட்டில் ஆம்பளை புழல் சிறைக்குப் போய்விட்டால் எல்லாரும் வக்கீல், ஜாமீன் என்று ஓடுகிறோம். பிள்ளைகளுக்கு அரசாங்கத்தில் ஏதாவது உண்டா என்று கேட்பதற்குள் வீட்டிலிருந்த குண்டுமணி நகையும் அடகுக்குப் போயிருக்கும். உண்டு. ஆனால் எந்தத் திட்டத்தில் கேட்கிறோம் என்பதில்தான் பாதிப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள்.

எல்லாரும் சொல்வது 'அன்புக் கரங்கள்'. 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கியது, 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். அதில் சிறை என்ற வார்த்தை இருப்பது உண்மைதான். ஆனால் பெற்றோரில் ஒருவர் இறந்துபோய், மிச்சமிருப்பவர் சிறையில் இருந்தால்தான் அது பொருந்தும். அம்மா உயிரோடு இருந்து, பிள்ளைகளும் அவரோடு இருந்தால் கிடைக்காது. இதை மனு வாங்கும்போதே சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. வாங்கி அடுக்கி வைத்துவிடுகிறார்கள், நாமும் வரும் வரும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

அடுத்து யாராவது, கணவனால் கைவிடப்பட்டவர் ஓய்வூதியத்துக்கு எழுதிப்போடு என்பார்கள். அதற்குச் சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், இல்லை 5 வருஷமாவது கைவிட்டுப் போயிருக்க வேண்டும், வயதும் 30 தாண்டியிருக்க வேண்டும். புருஷன் ஜெயிலில் இருப்பதைக் கைவிட்டதாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பொய்யாக எழுதிக் கொடுக்காதீர்கள், பின்னால் மற்ற விண்ணப்பத்துக்கும் அதுவே வினையாகும்.

நீங்கள் தட்ட வேண்டிய கதவு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் வரும் நிதி ஆதரவுத் திட்டம், ஆபீஸில் ஸ்பான்சர்ஷிப் என்பார்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அது எங்கே என்று தெரியாவிட்டால் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில், சிங்காரவேலர் மாளிகையில், கேளுங்கள். அங்கே "இதில் விதவை, அநாதை, பெரிய வியாதி, விபத்து இதெல்லாம்தான் இருக்கு, ஜெயில் கேஸ் வராது" என்று ஒரு பதில் வரும். அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 45ஆம் பிரிவில் இருக்கிற பட்டியல் அது, இவையும் அடங்கும் என்றுதான் சட்டம் சொல்கிறதே தவிர இவை மட்டும்தான் என்று சொல்லவில்லை. பெற்றோர் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தால் அந்தப் பிள்ளை பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று, அதே சட்டப்படி மாவட்டத்தில் இருக்கும் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யலாம். அந்த உத்தரவு கையில் இருந்தால் பேச்சே மாறிவிடும்.

அதனால் மனுவில் கணவருடைய கேஸ் கதையை எழுதாதீர்கள். பொய் கேஸா நிஜ கேஸா என்பது இங்கே வேண்டாம். "என் கணவர் இன்ன தேதியிலிருந்து சிறைவாசியாக இருக்கிறார், வீட்டில் வேறு வருமானம் இல்லை, மகள் ஏழாவது படிக்கிறாள், படிப்பு நிற்கும் நிலையில் இருக்கிறது" என்று பிள்ளையை வைத்து எழுதுங்கள். சிறையில் இருப்பதற்குச் சான்று கேட்பார்கள். சிறையில் கணவரைப் பார்க்கப் போகிற அன்றைக்கே சிறை நல அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள், எஃப்.ஐ.ஆர் நகலும் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக் கைதிதானே, தண்டனை வரட்டும் என்று யாராவது சொன்னால், பிள்ளைக்குச் சாப்பாடு தீர்ப்பு வந்த பிறகா என்று கேட்கலாம், மரியாதையாக.

இனி வருமானச் சான்று. நகர்ப்புறத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாய்க்குள், அதாவது மாதம் 8,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவையில் பழைய சான்றைப் பார்த்து அப்பா ஆட்டோ ஓட்டிய காலத்து வருமானத்தையே திரும்பப் போட்டுவிடுவார்கள், சொல்லி மாற்றச் சொல்லுங்கள். இன்னொரு கூத்து, ஓ.டி.பி. பதிவு அப்பாவின் போன் நம்பரில் இருக்கும். அந்த போன் கேஸ் சொத்தாக ஸ்டேஷனில் இருக்கும். இ-சேவை ஆள் "ஓ.டி.பி. சொல்லுமா" என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார். அம்மா தன் ஆதாரில் தன் நம்பரை இணைத்து, தன் பெயரில் பதிந்து வாங்குவதுதான் வழி. முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

முகவரி. பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் பிள்ளை ஆயாவோடு கொருக்குப்பேட்டையில் படிக்கும், ஆதார் பெரும்பாக்கத்தில் இருக்கும். அது செங்கல்பட்டு மாவட்டம். இங்கே போனால் அங்கே போ என்பார்கள், அங்கே போனால் பிள்ளை சென்னையில்தானே படிக்குது என்பார்கள். பிள்ளை எங்கே வசிக்கிறது என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி மனுவோடு இணையுங்கள். வீட்டைப் பார்க்க ஆள் வருவார், அவர் வரும்போது பிள்ளை அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

அப்பா சிறையில் இல்லை, குடியிலோ போதையிலோ வீட்டில் கிடக்கிறார் என்றால் இன்னும் கஷ்டம். ஆள் இருக்கிறாரே, உழைக்கட்டுமே என்பார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் காட்டிய ஓ.பி. சீட்டு எதுவானாலும் தூக்கிப் போடாதீர்கள், அவரால் பார்த்துக்கொள்ள முடியாது என்பதற்கு உங்களிடம் இருக்கிற காகிதம் அதுதான். இன்னும் கூட்டிப்போகவில்லை என்றால் போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் போன் செய்து கேளுங்கள். பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்களோ என்று பயந்தே பல அம்மாக்கள் குழந்தைகள் நலக் குழு முன்னால் போவதில்லை. ஹோம் கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. பிள்ளை என்னோடு இருக்கட்டும், உதவி மட்டும் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடி விழுகிற வீடு என்றால் எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்க வேண்டாம், பிள்ளைக்கு 1098, உங்களுக்கு 181.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. "நான் முடிச்சுத் தரேன்" என்று வருகிறவர்களிடம் பணமும் ஒரிஜினலும் கொடுக்காதீர்கள். மனு கொடுத்ததற்குத் தேதியும் முத்திரையும் போட்ட ரசீது வாங்குங்கள். தர மறுத்தால் அதே மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், அங்கே நம்பர் போட்டுத்தான் வாங்குவார்கள்.

பணம் வர ஆரம்பித்த பிறகு பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு லீவு போட்டால் நிறுத்திவிடுவார்கள். ஹாஸ்டலில் சேர்த்தாலும் நின்றுவிடும். இலவச ஹாஸ்டல் என்று யாராவது கூப்பிட்டால், வீட்டில் மாதம் 4,000 போய்விடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.