பாத்திமெட்ரி: பாத்தியும் இல்லை, பாத்ரூமும் இல்லை

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கரும்பலகையில் 'பாத்திமெட்ரி' என்று எழுதிவிட்டு என்னவாக இருக்கும் என்று கேட்டேன். ஒருவன் பாத்ரூமை அளப்பது என்றான். பின் பெஞ்சில் இருந்த ஒரு பெண், அப்பா கீரைப் பாத்தி கட்டுவாரே, அதை அளப்பதா சார் என்றாள். இரண்டுமே தப்பு, ஆனால் பாத்தி என்று சொன்னவள் தெரியாமலேயே கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டாள்.

சொல் கிரேக்கம். 'பாத்திஸ்' என்றால் ஆழமான, 'மெட்ரான்' என்றால் அளவு. குளியலுக்கான ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 1960 ஜனவரி 23 அன்று ழாக் பிக்கார்டும் டான் வால்ஷும் பசிபிக் கடலில் இருக்கிற, உலகிலேயே ஆழமான மரியானா அகழியின் அடிவரை இறங்கினார்களே, அந்த 'திரியெஸ்தே' கலத்துக்குப் 'பாத்திஸ்கேஃப்' என்று பெயர்; அதிலும் இதே பாத்திஸ்தான். தண்ணீருக்கு அடியில் தரை எவ்வளவு ஆழத்தில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று அளந்து வரைவது பாத்திமெட்ரி.

தமிழில் சில இடங்களில் 'ஆழ்கடல் அளவியல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஆழ்கடல் என்றதும் ஆயிரக்கணக்கான மீட்டர் மனதில் வந்துவிடுகிறது, ஆனால் இந்த வேலை பாக் நீரிணை மாதிரி ஆழம் குறைந்த இடத்திலும் நடக்கிறது, அணையில் எவ்வளவு வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கவும் இதையேதான் செய்கிறார்கள். அதனால் துறைக்கு 'ஆழ அளவியல்', வரைபடத்துக்கு 'ஆழ வரைபடம்'. போதும். செயலுக்குத் தனியாகச் சொல் செய்யவே வேண்டாம், 'ஆழம் பார்ப்பது' என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆழம் பார்ப்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'அவனைக் கொஞ்சம் ஆழம் பார்த்துட்டு வா' என்று ஆளைப் பற்றியும் சொல்வோம் இல்லையா? ஆங்கிலத்தில் ஆழம் பார்ப்பதற்கு 'சவுண்டிங்' என்று பெயர், அதையும் ஆளின் மனதை அறிவதற்குச் சொல்வார்கள். பிள்ளைகள் இதைக் கேட்டவுடன் சவுண்ட் என்றால் ஒலி, ஒலி அனுப்பி அளப்பதால் இந்தப் பெயர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆசிரியர்களும் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அது ஆழம் பார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது, ஒலியால் அளக்கும் கருவி வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கயிறு விட்டு அளந்த காலத்திலேயே, புழக்கத்தில் இருந்த சொல்.

சரி, கயிறு விட்டால் அலகு வேண்டுமே. ஆங்கிலேயர்களுக்கு 'ஃபேதம்', 6 அடி. பழைய ஆங்கிலத்தில் அதற்கு விரித்த கைகள், அணைப்பு என்று பொருள். நம் கடற்கரையில் மீனவர்கள் ஆழத்தைப் 'பாகம்' என்று சொல்வார்கள், அதுவும் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம்தான். கயிற்றை இழுத்து இழுத்து எண்ணுகிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அவன் கைதானே அளவுகோல்! ஆகவே ஃபேதத்துக்குப் புதுச் சொல் தேடுகிறவர்கள் கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய் வந்தால் போதும். வகுப்பில் பிள்ளைகளைக் கையை விரிக்கச் சொல்லி அளந்து பாருங்கள், ஒவ்வொருவர் பாகமும் ஒவ்வொரு நீளம் வரும், அலகை ஏன் நிலைப்படுத்தினார்கள் என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

'சேலஞ்சர்' என்ற ஆங்கிலேய ஆய்வுக் கப்பல் 1875 மார்ச் 23 அன்று மரியானா அகழிப் பக்கம் எடை கட்டிய கயிற்றை இறக்கியபோது கிடைத்த கணக்கு 4,475 பாகம், அதாவது சுமார் 8,184 மீட்டர். ஒரே ஒரு புள்ளிக்கு இவ்வளவு கயிறு. இப்போது கப்பலின் அடியிலிருந்து ஒலி போகிறது, கடல்நீரில் அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர். எதிரொலி திரும்ப 4 நொடி ஆனால் ஆழம் 3,000 மீட்டர் (பாதியாக்க மறக்கிறவர்கள்தான் வகுப்பில் அதிகம்). இன்றைய கருவிகள் ஒலிக்கற்றைகளை விசிறி போல விரித்து ஒரே நேரத்தில் ஒரு பட்டையையே அளக்கின்றன, கப்பல் ஏர் ஓட்டுவது மாதிரி சால் சாலாகப் போய்த் திரும்பும்.

இதற்குச் செருப்பு அட்டைப்பெட்டி விளையாட்டை நான் சிபாரிசு செய்வேன். பெட்டிக்குள் களிமண்ணால் மலை, பள்ளம் செய்து மூடி, மூடியில் கட்டம் போட்டுத் துளையிட்டு, குச்சியை விட்டு ஆழத்தைக் குறிக்க வேண்டும். கட்டங்களைப் பார்த்தால் அந்தப் பெண் சொன்ன பாத்திகளேதான். எண்ணுக்கு ஒரு நிறம் தீட்டினால் ஆழ வரைபடம் தயார். ஒரு குழுவுக்கு மட்டும் துளைகளைத் தள்ளித் தள்ளிப் போடச் சொல்லுங்கள், வேண்டுமென்றே.

எங்கள் வகுப்பில் அப்படிப் போட்ட குழுவின் படத்தில் தரை சமவெளியாக இருந்தது. மூடியைத் திறந்தால் இரண்டு துளைக்கு நடுவே கூரான மலை. 'இது நிஜக் கடலில் நடக்காது சார்' என்றான் பாத்ரூம் அளந்தவன். 2005 ஜனவரியில் 'சான் பிரான்சிஸ்கோ' என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி குவாம் தீவுக்குத் தெற்கே, தன் வரைபடத்தில் இல்லாத ஒரு கடலடி மலையில் முழு வேகத்தில் மோதி ஒரு மாலுமி இறந்த கதையைச் சொன்னேன். உலகக் கடல்தரையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமாகத்தான் இன்றுவரை நேரடியாக அளந்திருக்கிறார்கள், மீதிக்குச் செயற்கைக்கோள் கணிப்புதான் என்றும் சொன்னேன். அவன் பேசாமல் குச்சியை எடுத்துக்கொண்டு மூடியில் இன்னும் துளை போட ஆரம்பித்தான்.