முட்டை மிதக்கவில்லை, ஆனாலும் பேதி

போன மே மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். பெரம்பூரில் என் கிளினிக்குக்கு ஒரு அம்மா இரண்டு பையன்களோடு வந்தார். இருவருக்கும் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி. ஞாயிறு பெரியவனுக்குப் பிறந்தநாள். காலை டிபனுக்கு பிரெஞ்சு டோஸ்ட், அதாவது நம்ம பாம்பே டோஸ்ட். சனி ராத்திரியே முட்டையும் பாலும் அடித்து, கனமான ரொட்டித் துண்டுகளை ஊறப் போட்டிருக்கிறார். ஃபிரிட்ஜை கேக் டப்பா அடைத்துக்கொண்டதால் பாத்திரம் அடுப்பு மேடையிலேயே தங்கிவிட்டது.

"தட்டு போட்டு மூடித்தான் வச்சேன் டாக்டர். முட்டையைத் தண்ணியில போட்டும் பார்த்தேன், ஒண்ணுகூட மிதக்கலை."

இதை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். முட்டை பழசாக ஆக, உள்ளே ஈரம் வற்றிக் காற்றறை பெரிதாகும், அதனால் மிதக்கும். தெரிவது முட்டையின் வயசு மட்டும்தான். அன்றைக்கு இட்ட முட்டையிலும் சால்மோனெல்லா என்ற பேதிக் கிருமி இருக்கலாம், ஓட்டின் மேலே, சில சமயம் உள்ளேயும். கொஞ்சமாக இருந்தால் பெரும்பாலும் உடம்பு சமாளித்துவிடும். ஆனால் 30 டிகிரி புழுக்கத்தில் முட்டைப்பாலில் எட்டு மணி நேரம் கிடந்தால்? தோதான சூட்டில் இந்தக் கிருமி சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

அப்புறம், சுட்ட விதம். பெரிய தீயில் மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட்டார். நடுப்பகுதி வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும். அங்கேயும் 71 டிகிரி வரவேண்டும். சின்னத் தீ, மேலே ஒரு மூடி, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். தோசைத் திருப்பியால் நடுவில் அழுத்தினால் மஞ்சள் நீர் கசியக் கூடாது.

ஃபிரிட்ஜில் இடமில்லையா, காலையிலேயே அடித்துக்கொள்ளுங்கள். நம் கடை ரொட்டிக்கு ஒரு நிமிடம் ஊறினாலே போதும், ராத்திரி முழுக்க ஊறினால் கூழ்தான். முதல் நாள் ரொட்டி இன்னும் நல்லது, பூஞ்சை பிடிக்காதவரை. மேலே தேன் ஊற்றினால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஊட்டாதீர்கள். அதில் வேறொரு கிருமியின் வித்து இருக்கலாம்.

அந்த அம்மாவின் கைப்பையில் போன வருஷத்து ஆன்டிபயாட்டிக் பட்டை ஒன்றும் இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். பையன்களுக்குத் தேவைப்பட்டது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ ஆறு மணி நேரம் சிறுநீர் வராவிட்டாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினேன்.