எண்டோமென்ட்: சாகாத ஆடு, கெடாத முதல்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் துறைமுகத்துச் சுமைத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் இருவரும் ஒரு காகிதத்தோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். நாற்பது ஆண்டு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் என்பதால், தெருவில் எந்தக் காகிதம் புரியாவிட்டாலும் என்னிடம்தான் வரும்.

"சார், எண்டோமென்ட் ஸ்காலர்ஷிப் என்று போட்டிருக்கிறது. பாலிசி எடுக்கச் சொல்கிறார்களா?" என்றார் அப்பா.

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. நம் வீடுகளுக்குள் 'எண்டோமென்ட்' என்ற சொல் நுழைந்ததே எல்.ஐ.சி. முகவரின் தோள்பையிலிருந்துதான். மாதாமாதம் பிரீமியம் கட்ட வேண்டும். இருபது ஆண்டு முடிந்தால் மொத்தமாகக் கைக்கு வரும். மகளின் காகிதத்தில் இருந்தது இதற்கு நேர் எதிர். கல்லூரியின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு தொகையை வங்கியில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் சில பிள்ளைகளுக்குக் கட்டணம் செலுத்தப்படும். பாலிசிக்கு முதிர்வுத் தேதி உண்டு. இதற்கு அது கிடையாது. போட்ட பணத்தை யாரும் திரும்ப எடுக்கக் கூடாது என்பதுதான் இதன் உயிர்.

இந்த ஒரு நுணுக்கம் தமிழில் விழுந்துபோவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. பல்கலைக்கழகச் செய்தி மடல்களில் 'மாணவர் நலனுக்குப் பத்து லட்சம் நன்கொடை' என்று மாலை மரியாதைப் படத்தோடு வரும். படிப்பவர் பத்து லட்சமும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார். அடுத்த ஆண்டு பத்துப் பேருக்கு ஆளுக்கு ஏழாயிரம் என்று செய்தி வந்தால், "மீதி எங்கே போயிற்று?" என்று டீக்கடையில் வழக்கு நடக்கும். எங்கேயும் போகவில்லை. நூற்றுக்கு ஏழு வட்டி என்றால் பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு எழுபதாயிரம்தான். அந்தப் பத்து லட்சம் அப்படியே இருந்தால்தான் இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் எழுபதாயிரத்தில் பங்கு கிடைக்கும். 'நன்கொடை' என்று மொழிபெயர்த்தவர் செய்த குற்றம் இது.

ஆங்கிலச் சொல்லின் வேரைத் தோண்டினால் ஒரு வேடிக்கை அகப்படுகிறது. லத்தீனில் 'டோஸ்' என்றால் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் சீர். அதிலிருந்து 'டோட்டாரே', சீர் கொடுத்தல்; அது பிரெஞ்சு வழியாக வந்து எண்டோமென்ட் ஆயிற்று. ஆக, மூலப் பொருளில் எண்டோமென்ட் என்பது சீதனம். பெண்ணோடு போன சொத்து அவள் வாழ்க்கைக்குப் பிடிமானமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம், கல்லூரியோடும் மருத்துவமனையோடும் போகும் சொத்துக்கு நகர்ந்துவிட்டது. நம் ஊரில் சீதனம் என்ன ஆகிறது என்பதை நினைத்தால் ஒப்புமை கசக்கும், அதை விட்டுவிடுவோம். கொடையாளரைக் குறிக்கும் 'டோனர்', வடமொழித் 'தானம்', இந்த 'டோஸ்' மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பார்கள் மொழிநூலார்.

பக்கத்தில் நிற்கும் 'ஸ்காலர்ஷிப்'புக்கு இன்னும் நல்ல கதை இருக்கிறது. கிரேக்கத்தில் 'ஸ்கோலே' என்றால் ஓய்வு. ஸ்கூல், ஸ்காலர் எல்லாம் அதன் பிள்ளைகள். வயிற்றுப்பாட்டுக்கு ஓடாமல் உட்கார்ந்து சிந்திக்க நேரம் உள்ளவன்தான் படிப்பவன். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போய் மீன் கூடை தூக்கிவிட்டு ஒன்பது மணி வகுப்பில் தூங்கி விழும் பையனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவனுக்குக் கிடைக்கும் உதவித்தொகை நோட்டுப் புத்தகத்துக்கானது மட்டுமில்லை; அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்துக்கும் அதுதான் விலை.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? அகராதியைத் தேடி ஓடும் முன் திருவொற்றியூர் வரை பஸ்ஸில் போய் வரலாம். தியாகராஜர் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் விளக்குக் கொடை ஏராளம். பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் இதற்கு ஒரு வாய்பாடு உண்டு: 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு. ஆட்டுக்கு அமரத்துவம் எங்கிருந்து வந்தது? ஒருவர் கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்காகத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கொடுக்கிறார். மன்றாடி என்ற ஆயர் அவற்றை ஏற்று, தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கிறார். ஆடு சாகும், கிழடாகும், குட்டி போடும். செத்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்துக்கொண்டே போனால் கணக்கில் தொண்ணூறு தொண்ணூறுதான். ஆடுகள் மாறும், எண்ணிக்கை மாறாது, விளக்கு அணையாது. எண்டோமென்டுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை எந்தப் பொருளாதாரப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

ஆட்டுக்குப் பதில் பொன் கொடுத்தால் வாசகம் மாறும்: 'முதல் கெடாமைப் பொலி கொண்டு'. பொலி, பொலிசை என்றால் வட்டி. களத்தில் நெல் பொலிவதும் இந்தப் பொலிதான். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணன் திருச்செந்தூர்க் கோயிலுக்காக 1400 காசு கொடுத்தபோது அதைப் பல ஊர்களின் சபைகளிடம் பிரித்து வைத்தான்; அவர்கள் ஆண்டுதோறும் பொலியாக நெல் அளந்தார்கள். ஒரே வங்கியில் எல்லாவற்றையும் போடக் கூடாது என்று இன்றைய நிதி ஆலோசகர் சொல்வதைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

இவையெல்லாம் விளக்குக்கும் பூசைக்கும்தானே என்று கேட்கலாம். படிப்புக்கும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு 340 மாணவர்களையும் 14 ஆசிரியர்களையும் கணக்கிட்டு, அவர்கள் செலவுக்கு 45 வேலி (அந்தக் கால நில அளவு) நிலத்தை ஒதுக்குகிறது. திருவொற்றியூரிலேயே இலக்கணம் சொல்லிக்கொடுக்க 'வியாகரணதான மண்டபம்' என்று ஒன்று இருந்தது. அதற்கும் நிலக்கொடை உண்டு. ஆனால் எண்ணாயிரத்துப் பிள்ளைகள் படித்தது பெரும்பாலும் வேதம். அந்த வாசலுக்குள் யார் போக முடிந்தது என்பதும் அதே கல்வெட்டில் எழுதாமல் எழுதியிருக்கிறது. முதல் கெடாமல் காப்பது ஒரு திறமை. பொலி யாருக்குப் போகிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் வட சென்னையில் இந்தப் பொலி திசை மாறிய கதை ஒன்று நடந்தது. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தபோது எழுதிவைத்த உயில் பெரும்பாலும் கோயில் திருப்பணிக்கும் தர்மத்துக்கும்தான். பள்ளிக்கூடம் கட்டச் சொல்லி அவர் எழுதவில்லை. வழக்கு பல ஆண்டு இழுத்தது. வழக்கு நடக்க நடக்க வட்டி குட்டி போட்டது. தர்மங்கள் போக மிச்சம் நின்ற தொகையைக் கல்விக்குத் திருப்பலாம் என்று முடிவாயிற்று; அதற்காகப் பாடுபட்டவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். 1842இல் பிராட்வேயில் பள்ளி தொடங்கியது. 1850இல் சீனா பஜாரில், இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலையில், கிரேக்கத் தூண்களோடு மண்டபம் எழுந்தது. அந்தப் பள்ளி வளர்ந்து ஆன பச்சையப்பன் கல்லூரி பிறகு சேத்துப்பட்டுக்குப் போய்விட்டாலும் மண்டபம் இன்னும் அங்கேயே நிற்கிறது. செருப்புக் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் குறைவு. வட்டிக்கு வட்டி கட்டிய கட்டடம் அது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'அறநிலையம்' ஒரு பழைய முயற்சி. அறநிலையத் துறை என்பதில் எண்டோமென்டுக்கு நின்ற சொல் அது. ஆனால் அந்தத் துறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் கல்லூரிக்கு எடுத்து வந்தால் உண்டியல் சத்தம் கேட்கிறது. 'அறக்கட்டளை' நல்ல சொல்லாக இருந்தது. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் 'அறக்கட்டளைச் சொற்பொழிவு' என்று போடுகிறார்களே, அங்கே அது சரியான பொருளில், நிலையாக வைத்த பணம் என்ற பொருளில் வாழ்கிறது. வெளியிலோ அது 'டிரஸ்ட்' என்ற அமைப்பின் பெயராகிவிட்டது. 'நன்கொடை'யைப் பள்ளிக்கூட வாசலில் சொன்னாலே பெற்றோர் பர்ஸைப் பொத்திக்கொள்கிறார்கள். கட்டாய நன்கொடையைத் தடுக்க 1992இல் தமிழ்நாட்டில் சட்டமே போட வேண்டியிருந்தது.

என் ஓட்டு வெறும் 'கட்டளை'க்கு. ஆணை என்பது அதன் ஒரு பொருள் மட்டுமே. அளவு, வரையறை என்பது அதற்குள் இருக்கும் இன்னொரு பொருள்: பொன்னை உரசிப் பார்க்கும் கல் கட்டளைக் கல், எழுத்தெண்ணிப் பாடும் செய்யுள் வகை கட்டளைக் கலித்துறை. கோயிலில் இன்ன பூசைக்கு இன்ன சொத்திலிருந்து இவ்வளவு என்று வரையறுத்து வைப்பது கட்டளை, வைத்தவர் கட்டளைதாரர். கொடுத்தவர் போன பிறகும் அவர் வரையறுத்தபடி நடக்க வேண்டும் என்ற அதிகாரம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதனால் ஏற்பாட்டுக்குக் 'கல்விக் கட்டளை', வங்கியில் கிடக்கும் தொகைக்கு 'நிலைநிதி'. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு உலகெங்கும் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டினார்களே, தமிழ்நாடு அரசு மட்டும் பத்து கோடி ரூபாய் கொடுத்ததே, அது நிலைநிதி. பேராசிரியருக்குச் சம்பளம் அதன் வருவாயிலிருந்து.

மாணவர் கைக்கு வரும் தொகைக்கு நாம் 'உதவித்தொகை' என்கிறோம். ஈழத்தில் 'புலமைப்பரிசில்'. அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறது. உதவி என்றால் வாங்குபவர் தலை கொஞ்சம் குனியும். பரிசில் என்றால் குனியாது. பரிசில் என்பது புலவர்கள் தகுதியால் பெற்றது. முகம் பார்க்காமல் கொடுத்தனுப்பிய பரிசிலை வேண்டாம் என்று சொன்ன புலவரும் சங்க காலத்தில் இருந்தார். மதிப்பெண்ணுக்காகத் தருவதைப் பரிசில் என்றும், வறுமைக்காகத் தருவதை உதவித்தொகை என்றும் பிரிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று தோன்றியது. ஒரே வகுப்பில் ஒருத்திக்குப் பரிசில், பக்கத்தில் இருப்பவளுக்கு உதவியா?

பழைய மாணவர்களைக் குறிக்கும் 'அலம்னை' மட்டும் பாக்கி. லத்தீனில் ஊட்டி வளர்க்கப்பட்டவர் என்று பொருள். 'முன்னாள் மாணவர்' போதும். ஆனால் அந்த ஊட்டுதல் அதில் இல்லை. ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் இருந்த இடம் அது. இன்று மருத்துவக் கல்லூரி. அங்கே படித்தவர்களுக்கு அலம்னை என்ற சொல் சரியாகத்தான் பொருந்துகிறது.

இவ்வளவையும் அப்பாவிடமும் மகளிடமும் சொல்லவில்லை. "கடன் இல்லை, பாலிசி இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். கட்டளை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது. அவர் டீக்கடையில் போய், "என் பெண்ணுக்குக் காலேஜில் கட்டளை வந்திருக்கிறது" என்றாராம்.

கடைக்காரர் பதறிப்போய்க் கேட்டிருக்கிறார்: "ஐயோ, என்ன தப்பு செய்தாள்?"